மூன்று ஓம் ஸ்பீக்கர்

யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையில் இருந்த வால்வ் றேடியோ ஒன்று என் மேசைக்கு வந்தால் முதலில் ஸ்பீக்கரைத்தான் பார்ப்பேன். கரைக்குத் தூரமான அளவெட்டியிலிருந்தோ சுன்னாகத்திலிருந்தோ வரும் பெட்டியென்றால் கொண்டென்சரில் தொடங்குவேன். கடலுக்கு நாலு வீடு தள்ளி இருந்த பெட்டிக்கு வருத்தம் வேறு. உப்புக் காற்று வால்வின் கண்ணாடிக்குள் போகாது. ஆனால் ஸ்பீக்கர் திறந்த பொருள். காகிதமும் இரும்பும் செப்பும் சேர்ந்தது. அந்த மூன்றையும் உப்பு தின்னும்.

ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பின்னால் ஒரு காந்தம். அதன் நடுவே ஒரு இரும்புத் தண்டு. தண்டைச் சுற்றி வட்டமாக ஒரு இடைவெளி. அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். அந்த இடைவெளிக்குள், தண்டிலும் முட்டாமல் வெளி இரும்பிலும் முட்டாமல், மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. வொய்ஸ் கொயில் என்று சொல்வோம். அது காகிதக் கூம்போடு ஒட்டியிருக்கிறது. சுருளுக்குள் கறன்ற் போய்வர அது முன்னும் பின்னும் ஆடும், கூம்பும் ஆடும், காற்று அசையும். நாதஸ்வரமும் செய்தியும் மரண அறிவித்தலும் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் இருந்துதான் வந்தன. அமெரிக்காவில் ரைஸ், கெல்லொக் என்ற இரண்டு பொறியியலாளர்கள் 1925 இல் வெளியிட்ட அமைப்பு இது. இன்றைய ஸ்பீக்கரும் அடிப்படையில் அதுவேதான்.

உப்புக் காற்றில் அந்தத் தண்டு துருப்பிடித்தால் இடைவெளி ஒடுங்கும். துரு உதிர்ந்தால் பொடியைக் காந்தம் இழுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். சுருள் அதில் உரசும். அதுதான் கரகரப்பு. "வால்வ் போயிற்று" என்று சனம் கொண்டுவரும் பெட்டிகளில் எத்தனையோ இந்தக் கரகரப்புப் பெட்டிகள்.

எங்கள் ஊரில் றேடியோ எவ்வளவு பெரிய சாமான் என்பதை இளம் ஆட்கள் நினைத்துப் பார்ப்பது கடினம். கொழும்பில் 1925 டிசம்பர் 16 இல் ஒலிபரப்புத் தொடங்கியது. 1949 இல் அது ரேடியோ சிலோன் ஆனது. அடுத்த வருடம் வர்த்தக சேவை வந்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியக் கட்டளைப் படைக்காக ஏக்கலையில் நிறுவிய பெரிய ஒலிபரப்பி பிறகு இலங்கையின் கைக்கு வந்ததால், கொழும்புக் குரல் தமிழ்நாடெல்லாம் கேட்டது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்கக் கடலுக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் காத்திருந்தார்கள். இங்கே பிலிப்ஸ், மேர்பி, குருண்டிக் பெட்டிகள் வசதியான வீடுகளின் விறாந்தையில் துணி போர்த்தி இருந்தன. தபாற்கந்தோரில் காசு கட்டி லைசன்ஸ் எடுக்கவேண்டியிருந்தது. கறன்ற் இல்லாத வீடுகளுக்கு உலர் பற்றறிப் பெட்டி: வால்வுக் கம்பியைச் சூடாக்க ஒன்றரை வோல்ற், மற்ற வேலைக்குத் தொண்ணூறு வோல்ற். அவற்றில் பலவற்றின் கடைசி வால்வ், டிஎல் 96 என்பது, ஸ்பீக்கருக்குக் கொடுப்பது கால் வாற்றுக்கும் குறைவு. அந்தக் கால் வாற்றில் ஒரு மீன்வாடி முழுக்கக் காலநிலை அறிக்கை கேட்டது.

எப்படிக் கேட்டது என்பதில்தான் என் முழுக் கதையும் இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்பீக்கர் கூம்பு மெல்லிய காகிதம். ஊதினால் அசையும். விளிம்பும் அதே காகிதத்தில் மடித்த மடிப்பு. அல்னிக்கோ என்ற அலுமினியம், நிக்கல், கோபால்ற் கலந்த காந்தம். சின்னச் சக்திக்குப் பெரிய சத்தம் கொடுக்கவே அதைச் செய்தார்கள், ஏனென்றால் வால்விடம் கொடுக்கச் சக்தி அதிகம் இல்லை. இன்றைய ஸ்பீக்கர், ஐம்பது நூறு வாற் தரும் அம்பிளிபயருக்காகச் செய்யப்படுவது. ரப்பர் விளிம்பு, தடித்த கூம்பு, பாரமான சுருள். ஒரு வாற் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால், பழைய எட்டு அங்குல ஸ்பீக்கர் அநேகமாகத் தொண்ணூற்றைந்து டெசிபெல் பக்கம் நிற்கும். இன்றைய ரப்பர் விளிம்பு ஸ்பீக்கர் எண்பத்தெட்டுப் பக்கம். வித்தியாசம் ஏழுதானே என்று விடக்கூடாது. மூன்று டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரட்டிப்புச் சக்தி வேண்டும். ஏழு குறைந்தால் ஐந்து மடங்கு. கறன்றில் ஓடும் நாலு வாற் வால்வ் பெட்டி இருபது வாற்றுக்கு எங்கே போகும்?

நான் 1970களில் காங்கேசன்துறையில் ஒரு றேடியோக் கடையில் தொழில் பழகினேன். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். 1977 வரை புது ஸ்பீக்கர் என்றால் பகற்கனவு. மாற்றுவது என்ற பேச்சே கடையில் இல்லை, திருத்துவதுதான். பிறகு கதவு திறந்தது. ஜப்பான் கசற் றேடியோக்கள் வந்தன. வால்வ் பெட்டிகள் விறாந்தையிலிருந்து அறைக்குள் போயின, அறையிலிருந்து பறணுக்கு.

1990 ஜூனில் போரால் எங்கள் மயிலிட்டி முழுவதும் இடம்பெயர்ந்தது. பத்துக் கிலோப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு யார் ஓடுவது? பிள்ளையைத் தூக்கினார்கள், உறுதியையும் நகையையும் மடியில் கட்டினார்கள். ஆகவே இன்று மயிலிட்டிப் பெட்டி என்று என்னிடம் வருபவை எல்லாம் அன்று வேறெங்கோ இருந்து தப்பியவை: மானிப்பாய்க்குச் சீதனமாகப் போனது, திருத்தக் கொடுத்த கடையில் கிடந்தது, கொழும்பில் தம்பியாரிடம் இருந்தது.

அதே வருடம் குடாநாட்டில் கறன்றும் நின்றது. பற்றறியும் தடைசெய்த பொருள். ஜாம் போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவும் எங்களைக் காப்பாற்றின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் கறன்றில் ட்ரான்சிஸ்ரர் றேடியோ பாடும். பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அப்படித்தான் கேட்டோம். நானும் பலருக்கு அந்த இணைப்பைச் செய்து கொடுத்தேன். "வால்வ் பெட்டிக்கும் இப்படிப் பூட்டேலாதோ?" என்று கேட்டவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ற், மூன்று வாற். ஈஎல் 84 என்ற ஒரேயொரு வால்வின் சூடாக்கிக் கம்பிக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்து வாற் வேண்டும். ஒரு வால்வைக்கூடச் சூடாக்க முடியாது. அதனால் அந்தப் பெட்டிகள் வருடக்கணக்கில் ஊமையாகக் கிடந்தன. ஸ்பீக்கர் கூம்பைக் கரப்பான் அரித்தது, கறையான் தின்றது.

2017 ஜூலையில் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய காணியையும் விட்டது. நானும் திரும்பினேன். வீடு இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. வேலியடைத்து, கொட்டில் போட்டு, பிறகு ஒரு அறை கட்டி அதில் மேசையைப் போட்டேன். ஊருக்கு ஆட்கள் வர வர, பெட்டிகளும் வந்தன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவில் வருபவர்கள் பெற்றோரின் பெட்டியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு தங்கச்சி. இங்கிலாந்தில் 1950களின் கடைசியில் செய்த பெட்டி, தகப்பன் வாங்கியது. "அண்ணை, வேற ஒரு இடத்தில குடுத்துப் புது ஸ்பீக்கர் போட்டனாங்கள். சத்தம் வருது. ஆனா இது அப்பாவின்ர றேடியோ இல்லை" என்றார். கேட்டுப் பார்த்தேன். சத்தம் மெலிந்து, தொண்டைக்குள் அடைத்தமாதிரி. சத்தத்தைக் கூட்டினால் சிதறியது. பின்மூடியைக் கழற்றினால், ஏதோ ஒரு கசற் செற்றின் பெட்டியிலிருந்து எடுத்த ரப்பர் விளிம்பு ஸ்பீக்கர், முதுகில் 8 ஓம் என்று எழுத்து. பழைய ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டேன். நல்ல காலம், கடைக்காரர் திருப்பிக் கொடுத்திருந்தார். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். மூன்று ஓம்.

இந்த ஓம் கணக்கைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். வால்வின் குணம், நிறைய வோல்ற், கொஞ்சக் கறன்ற். ஸ்பீக்கரின் குணம் நேர்மாறு. இரண்டையும் நேரே இணைக்க முடியாது. நடுவில் நின்று ஒத்துப்போகச் செய்வது அவுட்புட் ட்ரான்ஸ்போமர். எங்கள் தோட்டத்துத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள்: துலா மிதிப்பவரின் நடையும் மரத்தின் நீளமும் பட்டையின் பாரமும் ஒன்றுக்கொன்று அளவாக இருந்தால்தான் தண்ணீர் மேலே வரும். பட்டையை மட்டும் மாற்றினால் மிதிப்பவரின் நடை குழம்பும். ஸ்பீக்கரை மாற்றுவது பட்டையை மாற்றுவது.

அளந்தும் பார்க்கலாம். பெட்டியின் கறன்றை நிறுத்தி, ட்ரான்ஸ்போமரின் வால்வ் பக்கக் கம்பிகளையும் ஸ்பீக்கர் கம்பிகளையும் கழற்றிவிட்டு, வால்வ் பக்கத்துக்குச் சின்ன ட்ரான்ஸ்போமர் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வோல்ற் ஏசி கொடுத்தேன். ஸ்பீக்கர் பக்கத்தில் மீற்றர் 0.3 வோல்ற் காட்டியது. பன்னிரண்டை அதால் பிரித்தால் 40. நாற்பதை நாற்பதால் பெருக்கினால் 1,600. மூன்று ஓம் ஸ்பீக்கர் பூட்டினால் வால்வுக்குத் தெரியும் பாரம் 4,800 ஓம். அந்தப் பெட்டியில் இருந்த ஈஎல் 84 கேட்பது ஏறத்தாழ 5,000. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! எட்டு ஓம் பூட்டினால் அதே வால்வுக்கு 12,800. அது திணறும். சக்தி குறையும், குரல் உடையும். போதாததற்கு ரப்பர் விளிம்பு. அந்தத் தங்கச்சியின் காது ஒரு மீற்றருக்கும் குறைந்ததில்லை.

பழைய ஸ்பீக்கரைப் பார்த்தேன். மீற்றரில் 2.6 ஓம் காட்டியது; மூன்று ஓம் ஸ்பீக்கர் நேர் கறன்றில் அப்படித்தான் காட்டும். சுருள் உயிரோடு இருந்தது. ஒன்றரை வோல்ற் பற்றறியைக் கணநேரம் தொட்டால் 'டப்' என்றது. இரண்டு பெருவிரலாலும் கூம்பைச் சமமாக மெல்ல அமத்தினால் ஒரு பக்கம் மட்டும் உரசியது. கூம்பில் இரண்டு கிழிசல், விளிம்பில் கரப்பான் அரித்த ஓட்டை.

கிழிசலுக்குப் பட்டம் கட்டும் மெல்லிய தாள்தான் மருந்து. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் விடும் கடற்கரை உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டங்களுக்கு வாங்கும் தாள் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். வெட்டாமல் கையால் கிழித்து எடுக்கவேண்டும், அப்போதுதான் ஓரம் மெல்லிதாகக் கூம்போடு சேரும். வெள்ளை மரப் பசையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, தூரிகையால் முன்னும் பின்னும் ஒரு படை. அதற்கு மேல் வேண்டாம். பசை கூடினால் கூம்பு பாரமாகும், விறைக்கும். சூப்பர் குளூ பூசிக் கொண்டுவரும் கூம்புகளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும், அதைப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

உரசல் பெரிய வேலை. நடுவில் இருக்கும் தூசி மூடியைச் சவரத் தகட்டால் சுற்றிவர அறுத்து எடுத்தேன். இடைவெளிக்குள் சிவப்புப் பொடி. ஊதினால் போகாது, காந்தம் பிடித்திருக்கிறது. ஒட்டுநாடாவை ஒரு கடுதாசிக் கீலத்தில், பசை வெளியே தெரிய மடித்து, உள்ளே விட்டு விட்டு எடுக்கவேண்டும். பகல் முழுக்க அதுதான் வேலை. பிறகு சுருள் நடுவில் நிற்பதற்காக, பழைய போட்டோ பிலிமை ஒடுக்கமாக வெட்டிச் சுருளுக்கும் தண்டுக்கும் இடையில் நாலு பக்கமும் சொருகினேன். பின்னால் சுருளைத் தாங்கும் மடிப்புத் துணியின் பசையை இளக்கி, அது தானாக நடுவுக்கு வந்ததும் திரும்ப ஒட்டி, ஒரு இரவு விட்டேன். காலையில் பிலிமை உருவி மூடியை ஒட்டினேன்.

இதை வாசித்துவிட்டு யாராவது காந்தத்தைக் கழற்றித் துப்புரவாக்கப் போகவேண்டாம். அல்னிக்கோக் காந்தத்தை அதன் இரும்பிலிருந்து பிரித்தால் பலம் இழக்கும். திரும்பப் பூட்டினாலும் அந்தப் பலம் வராது.

ஸ்பீக்கரை நான் சோதிப்பது தவிலில். அளவெட்டி தட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. வலந்தலையின் விரலடி தெளிவாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வரவேண்டும். தொப்பிப் பக்கத்து அடி விழும்போது கூம்பு உரசக்கூடாது. இரண்டும் சரியென்றால் அந்த ஸ்பீக்கர் எதையும் பாடும். மூன்று ஓம் ஸ்பீக்கரை அதன் பழைய இடத்தில் பூட்டித் தவிலைப் போட்டோம். தங்கச்சி பேசவில்லை, பெட்டியின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். முடிந்ததும், "இனி மாமாவையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

பழைய ஸ்பீக்கரே இல்லாத பெட்டிகளும் வருகின்றன. அப்போது என் வழி இது. இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கர் இருந்தால் அவற்றைச் சமாந்தரமாக இணைக்க நாலு ஓம் வரும். மூன்று ஓமுக்குப் பதில் அது போதும், வால்வ் பொறுத்துக்கொள்ளும். ஒரு எட்டு ஓம் ஸ்பீக்கர்தான் என்றால், எட்டு ஓமுக்குச் சுற்றிய அவுட்புட் ட்ரான்ஸ்போமரையும் சேர்த்து மாற்றுவேன். எதை வாங்கினாலும் காகித விளிம்பு, மெல்லிய கூம்பு. பெட்டியின் ஓட்டைக்கு ஏற்ற அளவு கிடைக்காவிட்டால் ஒரு பலகையில் பூட்டிப் பலகையைப் பெட்டியில் பூட்டுவேன். பழைய மரத்தில் புது ஓட்டை போட எனக்கு மனம் வராது.

இன்னும் பழைய பெட்டிகளில், 1930கள், 40களில் செய்தவற்றில், வேறொரு சங்கதி. அவற்றின் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிலையான காந்தம் கிடையாது. பெரிய செப்புச் சுருள் ஒன்று இருக்கும். பெட்டியின் உயர்வோல்ற் கறன்ற் முழுவதும் அதற்குள்ளால் போய் அதைக் காந்தமாக்கும். அதே சுருள் அந்தக் கறன்றின் இரைச்சலையும் அடக்குகிறது. ஒரு சாமான், இரண்டு உத்தியோகம். அந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்பீக்கரைப் பூட்டினால் பெட்டிக்குள் கறன்ற் போகும் வழியே அறுந்துவிடும். இரண்டு முனையையும் சும்மா முடிந்துவிடும் ஆட்களும் உண்டு. ஆயிரம் ஓம் சுருளுக்குள்ளால் 60 மில்லியம்பியர் போனால் அதில் 60 வோல்ற் இறங்கும். முடிந்துவிட்டால் அந்த அறுபதும் வால்வுகளின் தலையில் விழும். அதே ஓம் அளவுள்ள, பத்து வாற் தாங்கும் தடையைப் போடவேண்டும். இரைச்சலையும் அடக்கவேண்டும் என்றால் சோக் என்ற கம்பிச்சுருள் ஒன்றையும் சேர்க்கவேண்டும்.

சத்தம் உடைகிறது என்றதும் ஸ்பீக்கரை மாற்றச் சொல்பவர்களை நம்பவேண்டாம். கடைசி வால்வுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கொண்டென்சர் ஒழுகினாலும் அதே உடைசல்தான். அதை விட்டுவிட்டு ஸ்பீக்கரை மாற்றினால் வால்வ் கூடுதலாகக் கறன்ற் இழுத்துச் சூடேறி, கடைசியில் ட்ரான்ஸ்போமரும் எரியும். சத்தமே இல்லாத பெட்டியிலும் முதற் சந்தேகம் அவுட்புட் ட்ரான்ஸ்போமரில்தான். அதன் மயிர்போன்ற கம்பி எங்கள் கரைக் காற்றில் பச்சையாகப் பூத்து அறும். அப்போது ஈஎல் 84க்குள் ஒரு கம்பிச்சுருள் செக்கச் செவேலென்று எரிவது கண்ணுக்கே தெரியும். உடனே நிறுத்தாவிட்டால் வால்வும் போகும்.

பெட்டியைத் திறப்பவர்களுக்கு ஒன்று. உள்ளே 250 வோல்ற் இருக்கிறது, சுவிச்சை நிறுத்திய பிறகும் கொண்டென்சரில் கொஞ்ச நேரம் நிற்கும். மெயின் ட்ரான்ஸ்போமர் இல்லாத ஏசி-டிசிப் பெட்டிகளில், பிளக்கைச் சொருகும் விதத்தைப் பொறுத்து உலோகச் சட்டம் முழுவதும் 230 வோல்ற்றில் நிற்கும். ஸ்பீக்கரின் இரும்பும் அதோடு சேர்ந்திருக்கலாம். கிராமபோன் பூட்டும் துளையில் கைத்தொலைபேசியை இணைத்துப் பாட்டுக் கேட்பது இப்போது எல்லோருக்கும் ஆசை. நல்ல ஆசைதான், சிற்றலையில் தமிழ் தேடிக் களைப்பதைவிட மேல். ஆனால் ஏசி-டிசிப் பெட்டியில் அதைச் செய்யவே கூடாது. எந்தப் பெட்டி என்று தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பறணிலிருந்து இறக்கியதும் பிளக்கைச் சொருகிப் பார்க்கும் அவசரமும் வேண்டாம். நான் அறுபது வாற் குண்டு பல்ப் ஒன்றைக் கறன்றுக்கும் பெட்டிக்கும் நடுவில் தொடராகப் பூட்டித்தான் முதன்முதலில் கறன்ற் கொடுப்பேன். உள்ளே எங்காவது முட்டியிருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், பெட்டி தப்பும். அதற்கும் முன்னால் ஸ்பீக்கரின் இரண்டு கம்பியும் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ட்ரான்சிஸ்ரர் அம்பிளிபயரை ஸ்பீக்கர் இல்லாமல் விட்டால் அநேகமாக ஒன்றும் ஆகாது. வால்வ் அப்படியில்லை. பாரம் இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமருக்குள் வோல்ற் தாறுமாறாக ஏறி, சுற்றுகளுக்கிடையில் பொறி பறந்து, ஒரு பாட்டு முடிவதற்குள் அது எரிந்துபோகக்கூடும். ஸ்பீக்கர் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள். ஏற்கெனவே கழற்றியிருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.